இ20 பெட்ரோல்: எத்தனால் என்ற யோசனையில் சரக்கு இருக்கிறதா?

பவானிக்கரை எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 2016 மாடல் பெட்ரோல் கார், பிஎஸ்4. ஊர் ஈரோடு. முன்பெல்லாம் கோவைக்குப் போய்வந்தால் லிட்டருக்கு 17 கிடைக்கும், இப்போது 14-ஐத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. கேட்டவர்கள் எல்லாரும் இப்போது வரும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். பங்கில் விசாரித்தால் "எல்லா பங்கிலயும் இதுதாங்க, வேற வர்றதில்ல" என்று முடித்துவிடுகிறார்கள்.

சண்டைக்காக இந்தத் திரியை ஆரம்பிக்கவில்லை. அது எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலேயே தினமும் நடக்கிறது. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, எத்தனால் வந்த பிறகுதான் ஆலைக்காரன் கையில் காசு புரளுகிறது, கரும்புக்காரனுக்குப் பாக்கி குறைந்திருக்கிறது என்பார். உடனே சித்தப்பா பையன் துருப்பிடித்த ஃபியூயல் பம்ப் வீடியோ ஒன்றைத் தட்டிவிடுவான். எனக்கு வேண்டியது இதுதான்: கட்சி அரசியலை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், காருக்கு பெட்ரோலுக்குப் பதில் எத்தனால் என்பது நல்ல யோசனையா இல்லையா? பிரேசிலில் ஐம்பது வருடமாக ஓடுகிறது என்கிறார்களே, அங்கே ஓடுவது இங்கே மட்டும் ஏன் இவ்வளவு புலம்பலாக இருக்கிறது? அப்புறம், என் வண்டிக்கு இதனால் நிஜமாகவே கெடுதல் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைவாசி எழுதியது:

தம்பி, முதலில் மைலேஜ் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில்தான் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும், எத்தனாலில் 21 சொச்சம்தான், அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. அந்தக் கணக்கில் 20 சதவீதம் கலந்தால் சுத்தப் பெட்ரோலைவிட ஆறரை, ஏழு சதவீதம் சக்தி குறையும். ஆனால் நாடு முழுக்கச் சராசரி 10 சதவீதக் கலப்பு 2022 ஜூனிலேயே வந்துவிட்டது, ஆகவே நீங்கள் 17 என்று சொல்வதே பெரும்பாலும் எத்தனால் கலந்த பெட்ரோலில் கிடைத்ததாகத்தான் இருக்கும். பத்திலிருந்து இருபதுக்குப் போனதில் கூடுதல் இழப்பு மூன்றரை சதவீதம் அளவில்தான். 17 கொடுத்த வண்டி 16.4 கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஆள், ரோட்டுக்கு ரோடு கொஞ்சம் கூடக்குறைய இருக்கட்டும், 16 என்றே வையுங்கள். 14-க்கு இறங்கியிருக்கிறது என்றால் மீதிக்கு எத்தனால் மேல் பழியைப் போட்டுவிட்டு சும்மா இருக்காதீர்கள். டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா என்று பாருங்கள், எல்லாவற்றுக்கும் மேல் சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பாருங்கள். பத்து வயது வண்டியில் அது மந்தமாகிப்போயிருந்தால் புது எரிபொருளுக்கு ஏற்ப கலவையை ஒழுங்காகத் திருத்தாது.

நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையிலேயே இது இருக்கிறது. சுத்தப் பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும், பைக்குகளில் 3 முதல் 4, இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு ட்யூன் செய்த கார்களில் 1 முதல் 2 என்று. ஆக, குறையவே குறையாது என்பவனும் பொய் சொல்கிறான், பாதியாகிவிட்டது என்பவனும் பொய் சொல்கிறான்.

இனி எத்தனாலின் நல்ல பக்கம். இதை யாரும் சொல்வதில்லை. நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாகத் தானே வெடிப்பதை, தாங்கும் திறனைச் சொல்லும் ஆக்டேன் எண் இதற்கு 108 சொச்சம், நம் சாதா பெட்ரோலுக்கு 91. அதோடு, எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், சிலிண்டருக்குள் போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகும். இரண்டும் சேர்ந்தால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் கலவையை அழுத்தும் அளவை, தாராளமாக ஏற்றலாம், நாக்கிங் வராது, எத்தனாலுக்கென்றே செய்த இஞ்சினில் இழந்த மைலேஜில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிவிடலாம், பிக்கப்பும் கூடும். மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கார்பன் மோனாக்சைடும் குறையும். எரிபொருளாக அது மட்டமான பொருளே அல்ல. சங்கடம் என்னவென்றால், கம்ப்ரஷன் 10-க்கு 1 என்று இரும்பில் வார்த்துவிட்ட உங்கள் 2016 வண்டிக்கு அந்த ஆக்டேனால் பைசா பிரயோஜனம் இல்லை. குறையை மட்டும் அனுபவிக்கும், நிறையை எடுத்துக்கொள்ளத் தெரியாது.

கெடுதல் உண்டா என்று கேட்டீர்கள். பழைய ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கெட் இவை எத்தனாலில் ஊறினால் உப்பும், பிறகு வெடிக்கும். பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது, செலவு குறைவு என்று சேர்த்துச் சொன்னது. ஹோஸ் விலை குறைவுதான், ஆனால் டேங்கை இறக்கி ஏற்றும் கூலி யார் கணக்கு? இன்சூரன்ஸ் செல்லாது என்று சுற்றிய செய்தியை அதே அமைச்சகம் மறுத்துவிட்டது, அதை நம்பிக் குழம்ப வேண்டாம்.

உண்மையான எதிரி தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பட்டறையில் நாங்கள் பார்ப்பது இப்படித்தான்: அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் ஊற்றி 100 மில்லிக் கோட்டுக்குக் கொண்டுவந்து, மூடிக் குலுக்கி நிற்க வைத்தால், சற்று நேரத்தில் இரண்டும் பிரிந்து நிற்கும். பெட்ரோலில் இருந்த எத்தனால் முழுக்கக் கீழே தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிடும், 10-இல் இருந்த கோடு 27, 28 வரை ஏறிவிடும். டேங்கில் தண்ணீர் இறங்கினாலும் இதேதான் நடக்கும். அடியில் தங்குவது வெறும் தண்ணீரும் எத்தனாலும், ஃபியூயல் பம்ப் உறிஞ்சுவது முதலில் அதைத்தான். மழைக்காலத்தில் பங்கின் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் கசிந்து பத்து வண்டி ஒரே நாளில் நின்றதெல்லாம் உண்டு. உங்கள் சித்தப்பா பையன் அனுப்பும் வீடியோவில் பாதி இந்த வகையாக இருக்கும் என்பது என் யூகம்.

கம்பினாஸ்_வாசம் எழுதியது:

வேலை விஷயமாகச் சில வருடம் பிரேசிலில், சாவோ பாவ்லோ மாநிலத்தில் இருந்தவன். அதனால் பிரேசில் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே பங்குக்குள் நுழைந்தால் பலகையில் இரண்டு விலை இருக்கும், பெட்ரோல் ஒன்று, எத்தனால் ஒன்று. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். இந்த 70 கணக்கு டாக்ஸிக்காரரிலிருந்து பள்ளிக்கூட டீச்சர் வரை எல்லாருக்கும் மனப்பாடம், ஏனென்றால் பட்டறை அண்ணா சொன்ன அந்த மூன்றில் ஒரு பங்கு இழப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. வண்டி ஃப்ளெக்ஸ். எதை ஊற்றினாலும், எந்த விகிதத்தில் கலந்து ஊற்றினாலும் ஓடும். நானே கரும்பு வெட்டும் மாதங்களில் எத்தனாலும் மற்ற மாதங்களில் பெட்ரோலுமாக மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். எத்தனாலில் அடிக்கடி பங்குக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இது சும்மா வந்துவிடவில்லை, அதைத்தான் நம் ஊரில் பிரேசில் பெயரைச் சொல்பவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்டு, 1975 நவம்பரில் கெய்செல் தலைமையிலான ராணுவ அரசு ப்ரோஆல்கூல் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 1979-இல் ஃபியட் 147 முழு எத்தனாலில் ஓடும் காராக வந்தது. எண்பதுகளின் நடுவில் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது எத்தனால் கார்தான். அப்புறம் என்ன ஆனது? கச்சா எண்ணெய் விலை விழுந்தது, சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் சர்க்கரைப் பக்கம் சாய்ந்தன. 1989, 90-இல் பங்குகளில் எத்தனால் இல்லை. எத்தனால் மட்டுமே குடிக்கும் காரை வாங்கியவர்கள் வரிசையில் நின்று திட்டினார்கள், அடுத்த சில வருடத்தில் அந்தக் கார்களின் விற்பனையே படுத்துவிட்டது. பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்றும் அந்த வரிசைகளைச் சொல்வார்கள், கூடவே குளிர்கால விடியலில் கார் ஸ்டார்ட் ஆகாமல் திண்டாடியதையும் சொல்வார்கள். எத்தனால் குளிரில் சரியாக ஆவியாகாது, அதற்காகவே போனட்டுக்கு அடியில் ஒரு குட்டி பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். (ஊட்டிக்காரர்கள் தவிர நமக்கு இந்தக் கவலை இல்லை.) 2003-இல் வோக்ஸ்வேகன் கோல் ஃப்ளெக்ஸ் காராக வந்த பிறகுதான் நம்பிக்கை திரும்பியது. காரணம் சாதாரணம்: எத்தனால் கிடைக்காவிட்டால் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிரேசிலிலும் சாதா பெட்ரோல் என்று வாங்குவதில் 2015-லிருந்து 27 சதவீதம், 2025 ஆகஸ்டிலிருந்து 30 சதவீதம் எத்தனால் உண்டு. சுத்தப் பெட்ரோல் அங்கேயும் கிடையாது. அங்கே யாரும் அதற்காகக் கொடி பிடிப்பதில்லை, ஏனென்றால் அந்த நாட்டில் விற்கும் ஒவ்வொரு காரும் பல பத்தாண்டுகளாக அதற்கென்றே ரப்பர், அலாய், மென்பொருள் எல்லாம் மாற்றி விற்கப்பட்டது. இங்கே 2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீதமாக ஆரம்பித்த திட்டம், 2013-14 வரைக்கும் ஒன்றரை சதவீதத்திலேயே கிடந்து, பிறகு பத்தே வருடத்தில் இருபதுக்கு ஓடியது. 2030 என்று வைத்திருந்த இலக்கை முன்கூட்டியே 2025 என்று மாற்றினார்கள். இ20-ஐத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத்தொடங்கியது 2023-இல்தான். எரிபொருள் முந்திக்கொண்டது, வண்டிகள் பின்னால் வருகின்றன.

எனக்கு எரிச்சல் தரும் விஷயம் விலைதான். சக்தி குறைந்த பொருளை அதே விலைக்கு விற்றால் மக்கள் கேட்கத்தானே செய்வார்கள்? 2021 அறிக்கையில் நிதி ஆயோக்கே விலையைக் குறைத்து விற்க வேண்டும் என்று எழுதியது. அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்ன பதில்: அப்போது எத்தனால் மலிவு, இப்போது கொள்முதல் விலை சராசரி 71 ரூபாய் 32 காசு, சுத்திகரித்த பெட்ரோலைவிட அதிகம் என்று. சரி, அப்படியென்றால் மலிவு என்று சொல்லி விற்காதீர்கள், எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க நாம் எல்லாரும் கொடுக்கும் விலை இது என்று சொல்லுங்கள். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்கு அது ஒன்றும் வெட்கப்பட வேண்டிய வாதம் அல்ல. 2014-லிருந்து 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்று அரசே கணக்குக் காட்டுகிறது. இதைச் சொன்னால் நான்கூட ஏற்றுக்கொள்வேன்.

தீவனக்காரன் எழுதியது:

எல்லாரும் இஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள். டேங்குக்குள் போவதற்கு முன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் நாமக்கல் பக்கம் கோழித் தீவனத் தொழிலில் இருப்பவன்.

எத்தனால் என்றாலே கரும்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது நாட்டில் தயாராகும் எத்தனாலில் பாதிக்கு மேல் தானியத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு மக்காச்சோளம். 2023-இல் மழை பொய்த்து, டிசம்பரில் கரும்புச்சாற்றை எத்தனாலுக்குத் திருப்ப அரசு கட்டுப்பாடு போட்டதும் டிஸ்டில்லரிகள் எல்லாம் சோளத்தைத் தேடி வந்தன. சோள எத்தனாலுக்கு லிட்டர் 71 ரூபாய் 86 காசு என்று அரசே உயர்ந்த விலை வைத்திருக்கும்போது ஏன் வரமாட்டார்கள்? முட்டைக் கோழி வளர்ப்பில் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனம், அந்தத் தீவனத்தில் பாதியை ஒட்டி மக்காச்சோளம். வெளிநாட்டுக்குச் சோளம் விற்றுக்கொண்டிருந்த நாடு 2024-இல் வெளியிலிருந்து வாங்கும் நாடாகிவிட்டது. பெரம்பலூர், அரியலூர் விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது, அதை நான் மறுக்கவில்லை, அவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் முட்டைக்கு யார் ஆதார விலை வைத்திருக்கிறார்கள்?

டிஸ்டில்லரிக் கழிவான உலர்ந்த சோளப் புண்ணாக்கு, அதுதான் டிடிஜிஎஸ், அதைத் தீவனத்தில் சேருங்கள், மலிவு என்கிறார்கள். சேர்க்கிறோம், அளவோடு. ஈரத்தோடு வந்த சோளமாக இருந்தால் பூஞ்சை நச்சு கழிவில் இன்னும் செறிவாக வந்து நிற்கும். மூட்டையைப் பிரித்ததும் கையில் அள்ளி மோந்து பார்த்தே திருப்பி அனுப்பிய லோடுகள் உண்டு. நிறம் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் அதில் புரதம் வெந்துபோயிருக்கும், கோழிக்குப் போட்டும் உபயோகம் இல்லை.

அரிசிக் கதை இன்னும் மோசம். 2024-25-இல் இந்திய உணவுக் கழகக் கிடங்கிலிருந்து 52 லட்சம் டன் அரிசியை எத்தனாலுக்கு ஒதுக்கினார்கள், குவிண்டால் 2,250 ரூபாய்க்கு. கொள்முதல், சேமிப்பு எல்லாம் சேர்த்து அரசுக்கு அந்த அரிசியின் அடக்கமே 4,000 ரூபாயை ஒட்டி வரும். அந்த வித்தியாசத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? கரும்பும் சளைத்ததல்ல. சர்க்கரை வழியாக வரும் ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் என்று மேலே சொன்ன அதே நிதி ஆயோக் அறிக்கையில் இருக்கிறது. பிரேசில்காரர் சொன்ன ஊரில் கரும்பு பெரும்பாலும் மழையில் விளைவது. இங்கே மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைத்து வளர்ப்பது.

கம்பினாஸ்_வாசம் எழுதியது:

தீவனக்காரர் சொல்வதில் தண்ணீர் விஷயத்தை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் சேர்க்கலாம். பிரேசில் ஆலைகள் கரும்புச் சக்கையையே எரித்து ஆலையை ஓட்டி, மிஞ்சும் மின்சாரத்தையும் விற்கின்றன, அதனால் போட்ட புதைபடிவ எரிசக்தியைப் போல எட்டு மடங்கு வரை திரும்பக் கிடைக்கிறது. அமெரிக்கச் சோள எத்தனாலில் அது இதைவிட ரொம்பக் குறைவு. ஆகவே "எத்தனால் நல்லதா" என்ற கேள்விக்கு எந்த எத்தனால் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பேன், அது கழிவு. வைக்கோலில் இருந்து எடுப்பதும் அப்படித்தான். பானிப்பட்டில் நாளுக்கு 100 கிலோலிட்டர் திறனில் ஒரு ஆலையை 2022 ஆகஸ்டில் திறந்தார்கள். ஆனால் வருடத்துக்கு 1,000 கோடி லிட்டர் தேவைப்படும் இடத்தில் அந்த அளவு தொட்டுக்கொள்ளக்கூடக் காணாது.

பேட்டரி_பாலு எழுதியது:

இவ்வளவு பேசுவதற்கு கரும்பும் சோளமும் போடும் அந்த நிலத்தில் சோலார் பலகை போட்டு எலக்ட்ரிக் காரை ஓட்டினால் பல மடங்கு தூரம் போகலாம். செடி வெயிலில் ஒரு சதவீதத்தைக்கூட ஒழுங்காகப் பிடிப்பதில்லை, பலகை இருபதைப் பிடிக்கிறது. அதில் வரும் எத்தனாலை இஞ்சினில் வேறு எரித்து முக்கால்வாசியைச் சூடாக வெளியே விட வேண்டுமா?

பட்டறைவாசி எழுதியது:

பாலு சார், கணக்கு சரி. ஆனால் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான பைக்கையும் காரையும் நாளைக்கே குப்பையில் போட முடியாது, அவை இன்னும் பத்துப் பதினைந்து வருடம் எதையாவது குடித்துத்தான் ஆக வேண்டும். கேள்வி அந்தப் பதினைந்து வருடத்துக்கு. என்னைக் கேட்டால் பழைய வண்டிக்காரனுக்கு இ10 ஒரு குழாயிலாவது இருக்கட்டும், இ20-க்குச் செய்த வண்டிக்கு இ20, ஃப்ளெக்ஸ் வண்டி வந்தால் அதற்கு முழு எத்தனால், அததற்கு அதது விலை. இ100 என்று 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் சில பங்குகளில் அறிமுகப்படுத்தினார்கள், ஊற்றிக்கொள்ள வண்டிதான் அரிது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும், வாங்குபவன் தேர்ந்தெடுக்கட்டும் என்று போன பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது, ஆகவே அந்த வழியும் இப்போதைக்கு அடைத்தாயிற்று.

பவானிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கச் சொல்கிறேன் அண்ணா. இன்னொரு சந்தேகம்: அப்பாவின் பழைய கார்புரேட்டர் பைக் ஒன்று வீட்டில் நிற்கிறது, வாரத்தில் ஒரு நாள் எடுத்தால் உண்டு. காலையில் திணறுகிறது, சோக் போட்டால்தான் அணையாமல் ஓடுகிறது. அதற்கும் இதுதான் காரணமா? யாரோ 100 ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் இல்லை, அதைப் போடு என்றார்கள்.

பட்டறைவாசி எழுதியது:

அதற்கு எத்தனால் காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எத்தனாலுக்குக் காற்று குறைவாகவும் எரிபொருள் அதிகமாகவும் வேண்டும். பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 9. இஞ்செக்‌ஷன் வண்டி சென்சாரை வைத்துத் தானே சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது, பழைய ஜெட் அளவிலேயே ஊற்றும், கலவை மெலிந்துவிடும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றி, ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் பெரும்பாலும் அடங்கும். இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100-இல் எத்தனால் இல்லை என்பது சரி, ஆனால் சாதா பெட்ரோலைவிட ரொம்ப அதிக விலைக்கு விற்பதை வாரம் ஒரு நாள் ஓடும் பைக்குக்கு ஊற்றுவது உங்கள் இஷ்டம். அதைவிட, நிறுத்தி வைக்கும்போது பெட்ரோல் குழாயை மூடிவிட்டு இஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் தங்காது. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். டேங்கில் இப்போது இருப்பது ரொம்ப நாள் பழசு என்றால் வடித்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் அதைத் திரும்ப ஊற்ற வேண்டாம்.